பசை படாத படம்

ஒரு பொருளை அழகு என்று எடுத்து வைத்துக்கொள்கிறோம். எதிலிருந்து எடுத்தோம் என்ற கேள்வியையும் கூடவே எடுத்து வைத்துக்கொள்கிறோமா? கலை பற்றி நம் சூழலில் நடக்கும் விவாதங்களில் இந்தக் கேள்வி அநேகமாக எழுவதில்லை. கோயில் வெண்கலம் விஷயத்தில் எழும். எழுந்தவுடனேயே பக்தி, பாரம்பரியம், களவு என்ற பெரிய வார்த்தைகள் வந்து அதை மூடிவிடும். சிறிய பொருளில் ஒளிந்துகொள்ள அதற்கு அவ்வளவு இடமில்லை. அதனால் மிகச் சிறிய ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: தீப்பெட்டிப் படம்.

மயிலாப்பூரில் வளர்ந்த என் தலைமுறைப் பையன்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெருவில் வட்டம் போட்டு, படங்களை நடுவில் அடுக்கி, தூரத்திலிருந்து கல் வீசி, வெளியே தள்ளியவன் எடுத்துக்கொள்வான். எல்லாக் கடையிலும் கிடைக்கும் படத்துக்கு மதிப்பு குறைவு. வெளியூரிலிருந்து யாரோ கொண்டு வந்ததற்கு அதிகம். காலிப் பெட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு உரித்து, சுவரில் ஒட்டிக் காயவைத்த படங்கள் அவை. பெரும்பாலோர் விளையாட்டோடு அதை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்து போகும்வரை அங்கேயும், பிறகு லஸ் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளிலும் தேடிச் சேர்த்தவை இன்று பதினோரு ஆல்பங்களாக இருக்கின்றன.

இது உலகத்தில் எனக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய சுருட்டுப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிய வண்ணப்படங்களைச் சேர்ப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1860-களின் உள்நாட்டு யுத்தச் செலவுக்காகச் சுருட்டுக்கு வரி போட்டு, வரி முத்திரை ஒட்டுவதற்காகச் சுருட்டைப் பெட்டியில்தான் விற்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். பெட்டி வந்ததும், பெட்டிக்குப் படம் வந்தது. கல்லச்சில் பல வண்ணமாக, பொன் தூளும் புடைப்பும் சேர்த்து, அரசிகளும் தேவதைகளுமாக அச்சடித்தார்கள். சுருட்டு சாம்பலாகிவிட்டது, படங்களுக்கு இன்று ஏலக்கூடங்களில் விலை. சுருட்டு நமக்கு அந்நியமான விஷயம் இல்லை. ஆங்கிலத்தின் ‘செரூட்’ என்ற சொல்லே நம் சுருட்டிலிருந்து போனது. 1887-இல் வந்த கானன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்பறிவாளன் சாம்பலைப் பார்த்துத் திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறான். மௌண்ட் ரோடு ஸ்பென்ஸர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டு ஆலை நடத்தியது. ஆனால் சுருட்டுப் பெட்டி துரைமார் மேஜைக்குப் போன பொருள். நம் ஊரில் குடிசைக்கும் மாடி வீட்டுக்கும் ஒரே மாதிரி போய்ச் சேர்ந்த கல்லச்சுப் படம் தீப்பெட்டியின் மேலே இருந்ததுதான்.

கல்லச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில், தன் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடிய அலாய்ஸ் செனெஃபெல்டர் என்பவர் ம்யூனிக்கில் கண்டுபிடித்தது இது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புச் சேர்ந்த மையால் வரைந்து, கல்லை நனைத்து, அச்சு மை உருட்டினால், ஈரம் உள்ள இடத்தில் மை ஒட்டாது. வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற, எந்தச் சமையலறைக்கும் தெரிந்த விஷயம்தான். வண்ணத்துக்கு ஒரு கல் வேண்டும். ஒரே தாள் ஒவ்வொரு கல்லாகப் போய் வர வேண்டும். தாள் ஒரு நூல் நகர்ந்தால் போதும்; உதட்டுச் சிவப்பு உதட்டைவிட்டு விலகிக் கன்னத்தில் நிற்கும். பின்னால் கல் போய்த் துத்தநாகத் தகடு வந்தது, அப்புறம் ஆஃப்செட். தத்துவம் மாறவில்லை.

இந்தியாவுக்குத் தீப்பெட்டி முதலில் கப்பலில்தான் வந்தது. ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பெட்டிகளில் நம் தெய்வங்களே இருந்தார்கள். நம்மைப் பார்த்தறியாத யாரோ நம் சந்தைக்காக வரைந்தவை. 1920-களில் சிவகாசியிலிருந்து ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அதே பத்தாண்டில் ஸ்வீடிஷ் கம்பெனியின் விம்கோ இங்கே ஆலைகளைத் தொடங்கியது. திருவொற்றியூரிலும் ஒன்று வந்தது. சிவகாசியில் தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சகங்கள் வளர்ந்தன. அவைதான் பிறகு நாடு முழுவதற்கும் காலண்டர் அடித்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர் கடையில் வந்து படத்தின் பெயரைச் சொல்லித்தான் பெட்டி கேட்பார். புலியும் மயிலும் சாவியும் கப்பலும் அவருக்கு எழுத்துகள். விற்கிற படத்தைப் பக்கத்துக் கம்பெனி கொஞ்சம் மாற்றி வரைந்து போடும். புலி திரும்பி நிற்கும், தாமரையில் ஓர் இதழ் கூடும்.

இவற்றை வரைந்தவர்கள் யார்? பெயரில்லை. காலண்டரில் கையெழுத்து உண்டு. கோவில்பட்டி கொண்டையராஜுவை நமக்குத் தெரியும். 1898-இல் இதே மயிலாப்பூரில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் நிலைத்து, 1976-இல் மறைந்தவர். அவருடையதும் அவர் சீடர்களுடையதுமான தெய்வங்கள் வீட்டுச் சுவர்களில் கையெழுத்தோடு நின்றன. தீப்பெட்டிப் படத்தில் கையெழுத்துக்கு இடமில்லை. வரைந்தவனுக்கு அப்படி ஓர் எண்ணமும் இருந்திருக்காது.

இவை கலையா என்ற வழக்கை நான் நடத்தப் போவதில்லை. அது சலித்துப்போன வழக்கு. ஆனந்த குமாரசாமியை மட்டும் ஞாபகப்படுத்திக்கொள்கிறேன். கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்து, பாஸ்டன் மியூஸியத்தில் 30 வருஷம் இருந்து, 1947-இல் மறைந்தவர். மியூஸியத்தில் இருப்பவை எல்லாம் ஒரு காரியத்துக்காகச் செய்யப்பட்டவை, காரியத்தை மறந்துவிட்டு வடிவத்தை மட்டும் ரசிப்பது பொருளைப் பாதிதான் பார்ப்பது என்பது அவர் வாதம். ரவிவர்மாவையே ஒப்பாதவர் தீப்பெட்டிப் படத்தை ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டார். இருந்தாலும் அவருடைய வாதம் வெண்கலத்துக்குப் பொருந்துவதைவிட இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. வெண்கலத்தின் காரியம் பூஜை. அதைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தப் படத்தின் காரியம் ஒரு பெட்டியின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பது. அதைப் பற்றி யார் பேசுவார்கள்?

தி. நகரில் ஒரு மாடி அறையில் தபால்தலை, நாணயம், லேபிள் சேர்ப்பவர்கள் அவ்வப்போது கூடுவார்கள். அங்கே தீப்பெட்டிப் படத்துக்கு ஒரு தரவரிசை உண்டு. பெட்டியிலிருந்து உரித்தது கடைசி. கிழியாமல், மங்காமல் உரித்தது அதற்கு மேல். அச்சகத்திலிருந்து நேராக வந்த, பெட்டியையே காணாத லேபிள் அதற்கும் மேல். எல்லாவற்றுக்கும் உச்சத்தில், வெட்டாத முழுத் தாள்: வரிசை வரிசையாக அதே புலி, கத்திகூடப் படாமல். அதாவது, தன் காரியத்தை எவ்வளவு குறைவாகச் செய்திருக்கிறதோ அவ்வளவு உயர்ந்தது. யாரும் இதைக் கொள்கையாக வகுக்கவில்லை, விலையே வகுத்துவிட்டது.

சேகரிப்பவன் பொருள்களைப் பயன்படவேண்டிய அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கிறான் என்பது வால்டர் பெஞ்சமினின் எண்ணம். எனக்குப் பிடித்த எண்ணம். எந்தச் சேகரிப்பாளனுக்கும் பிடிக்கும். ஆனால் அதில் விடுதலையாவது பொருள். அந்தப் பொருளோடு அதே அடிமைத்தனத்தில் இருந்த மனிதர்கள்? படம் மட்டும் வெளியே வந்துவிட்டது என்றால், அது விடுதலையா, தப்பித்தலா?

இதை இன்னும் ஸ்தூலமாகப் பேச ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. அடையாறில் ஒரு நண்பர் வீட்டில் ஆல்பத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே சமையல் செய்யும் அம்மா சாத்தூர்ப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். காப்பி கொண்டுவந்தவர் நின்று பார்த்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒரு படத்தை எடுக்கலாமா என்று கேட்டு எடுத்தார். எல்லோரும் செய்வது போல உற்றுப் பார்க்கவில்லை. உடனே திருப்பினார்.

“ஒட்டாத லேபிளால்ல இருக்கு சார்.”

“ஆமாம்மா. அதுதான் சுத்தமா இருக்கும்.”

“எண்ணித்தான் குடுப்பாக சார். குரோஸுக்கு இத்தனைன்னு. கொறஞ்சா கூலில புடிச்சிருவாக.” பிறகு, யாரையும் குறை சொல்கிற குரலில் இல்லாமல், “மூஞ்சி எங்களுக்குத் தெரியாது. குப்புறப் பரப்பிப் போட்டுத்தான பசை தடவுறது. வெள்ளையாத்தான் தெரியும். நாங்க பாத்தது பூராம் முதுகுதான்” என்றார்.

எத்தனை வயதில் ஒட்ட ஆரம்பித்தீர்கள் என்று நண்பர் கேட்டார். பள்ளிக்கூடத்தை நிறுத்தின வருஷம் என்று பதில் வந்தது.

இது ஒருவர் கதை மட்டும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1983-இல் ஸ்மிது கோத்தாரி ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் படும் பாட்டை எழுதினார், அந்தத் தீக்குச்சிகளில் ரத்தம் இருக்கிறது என்பதே கட்டுரையின் தலைப்பு. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டி செய்வது அதில் தடை செய்யப்பட்ட தொழில்களில் ஒன்று. ஆனால் வீட்டிலேயே, குடும்பத்தாரின் உதவியோடு செய்யும் வேலைக்கு அந்தத் தடை அப்போது இருக்கவில்லை. பெட்டி ஒட்டுவதும் லேபிள் ஒட்டுவதும் திண்ணையில் நடக்கிற வேலைகள். 1996 டிசம்பரில் எம். சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம், சட்டத்தை மீறி வேலை வாங்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்றது. என் ஆல்பங்களில் இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்தத் தீர்ப்புக்கு முந்தியவை.

இங்கே இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. இரண்டையும் நான் நம் நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன்.

முதலாவது ரஸிகனின் பதில். ஒரு வடிவத்தின் அழகுக்கும் அது உண்டான சூழ்நிலைக்கும் சம்பந்தமில்லை. தாஜ்மகாலைப் பார்க்கும்போது கூலிக் கணக்கா பார்க்கிறோம்? கேட்க நிம்மதியாக இருக்கும் பதில். ஆனால் இந்தப் படங்களில் நாம் எதை ரசிக்கிறோம் என்று கொஞ்சம் நேர்மையாகப் பார்த்தால் பதில் நிற்காது. கோடு தடித்துப்போன புலி. கன்னத்துக்கு நகர்ந்த உதட்டுச் சிவப்பு. பச்சையும் மஞ்சளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உண்டான, யாரும் திட்டமிடாத மூன்றாவது நிறம். சாணிக் காகிதத்தில் மை ஊறிப் பரவிய மென்மை. இவைதாம் நம்மை இழுப்பவை. இவை எங்கிருந்து வந்தன? தேய்ந்த கல், மட்டமான தாள், நிறுத்தாமல் ஓட வேண்டிய மெஷின். கம்பெனி ஒரு பெட்டியில் மிச்சம் பிடித்த காசு அந்தப் புலியின் கோட்டில் இருக்கிறது. வடிவத்தைச் சரியாக வர்ணிக்க ஆரம்பித்தாலே சூழ்நிலைக்குள் போய் விழுந்துவிடுகிறோம். கேள்வியைத் தார்மீகவாதி வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை, ரஸனையே கொண்டுவருகிறது.

இரண்டாவது, அரசியல் நண்பரின் பதில். குழந்தைகளின் விரலில் பசை காய்ந்துகொண்டிருந்த ஒரு தொழிலின் சின்னத்தை ஆல்பத்தில் வைத்து ரசிப்பதே குரூரம்; வைத்திருக்க வேண்டுமென்றால் சாட்சியமாக வை, கலையாக வைக்காதே. இந்தப் பதிலுக்கு மரியாதை உண்டு. ஆனால் இதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. அந்த அம்மா அன்று முதுகைப் பார்த்ததோடு நிற்கவில்லை. படத்தைத் திரும்ப நேராக வைத்துப் பார்த்தார். ஒரு மயில். “நல்லாத்தான் எழுதியிருக்காக” என்றார். அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார். அதற்கடுத்ததையும். அடுப்பில் குழம்பு இருப்பதை நண்பரின் மனைவி ஞாபகப்படுத்தும்வரை நின்று எல்லா மூஞ்சிகளையும் பார்த்தார். அவருக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, இது வெறும் சாட்சியம், அழகென்று சொல்லாதே என்று நாம் தீர்ப்புச் சொன்னால், பசை தடவிய நாட்களில் அவருக்குக் கிடைக்காத அந்த மயிலை இன்னொரு தடவை அவரிடமிருந்து எடுத்துவிடுகிறோம். முதுகு அவருக்கு, முகம் நமக்கு என்ற பங்கீடு கூலிக்கணக்கில் ஏற்பட்டது. அதை நம் தார்மீகமும் உறுதிப்படுத்த வேண்டுமா? தவிரவும், கல்லின்மேல் குனிந்து அந்த மயிலை வரைந்தவனும் தொழிலாளிதான். அவனையும் சேர்த்தே இந்தப் பதில் அழித்துவிடுகிறது.

இரண்டு பதில்களுக்கும் அடியில் ஒரே அனுமானம் இருப்பதாக எனக்குப் படுகிறது: படத்தையும் பசையையும் பிரித்துவிடலாம் என்பது. ஒருவர் பிரித்துப் படத்தை வைத்துக்கொள்கிறார். மற்றவர் பிரித்துப் பசையை வைத்துக்கொள்கிறார். ஆனால் காகிதம் ஒன்று. அதற்கு இரண்டு பக்கம். வரைந்தவன், வாங்கியவர், சேர்த்தவன் எல்லோரும் ஒரு பக்கத்தைப் பார்த்தார்கள். ஒட்டியவர்கள் மறு பக்கத்தை. அந்தத் தொழிலின் அமைப்பிலேயே இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் இடம் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. சேகரிப்புக்கு ஏதாவது நியாயம் உண்டென்றால், அந்த இடத்தை உண்டாக்குவதில்தான் உண்டு. இல்லையென்றால் அது சொத்துச் சேர்ப்பது. சின்னச் சொத்து என்பதால் வேறாகிவிடாது.

இதைக் குற்ற உணர்ச்சியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. குற்ற உணர்ச்சி சுலபம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மாட்டிவிட்டு, உள்ளே பழையபடி ரசித்துக்கொண்டிருக்கலாம். நான் சொல்வது பார்வையின் ஒழுங்கு பற்றி. ஒட்டாத லேபிளைத் தூக்கி எறி என்று நான் சொல்லவில்லை, என்னிடமும் இருக்கின்றன. அது உயர்ந்தது என்ற தரவரிசையைத்தான் ஏற்க மாட்டேன். ‘சுத்தம்’ என்று நாம் சொல்வது, எந்தக் கையும் தொடாத முதுகு என்பதைத்தான். நான் படங்களை முழுக்க ஒட்டிவிடுவதில்லை. மேல் விளிம்பில் ஒரு காகிதப் பட்டையால் தொங்கவிடுகிறேன், தபால்தலைக்காரர்கள் செய்வது போல. திருப்பலாம். உரித்த படங்களின் பின்னால் பெட்டியின் நீலத்தாள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்; சிலவற்றில் பசை இழுத்த விரலின் தடம் வரியாக நிற்கும். ஊறப்போட்டுக் கழுவி அதை எடுத்துவிடும் வழக்கத்தை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகின்றன. முழுப் பெட்டி கிடைத்தால் பெட்டியாகவே வைக்கிறேன். இடத்தை அடைக்கிறது, பூச்சி வருகிறது, இருந்தாலும்.

இவையெல்லாம் அற்பமான ஏற்பாடுகள் என்று ஒருவர் சொல்லலாம். சாத்தூர்த் திண்ணையில் ஒரு ரூபாய் கூடக் கூட்டிக் கொடுக்காதவை. உண்மை. ஒரு சேகரிப்பாளன் நீதிமன்றமாகிவிட முடியாது. ஆனால் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கத் தேவையில்லை என்பதைத் தீர்மானிக்கும் பழக்கங்கள் இப்படிப்பட்ட அற்பமான ஏற்பாடுகளில்தான் உருவாகின்றன. கவிதையைப் படிக்கும் விதத்திலும் அதே பழக்கம் வேலை செய்வதைப் பார்க்கிறேன்: வரியைப் பிய்த்தெடுத்து, கழுவி, வெள்ளை முதுகோடு வைத்துக்கொள்ளும் விமர்சனம் நமக்குப் புதிதில்லை.

இப்போது தீப்பெட்டி பெரும்பாலும் அட்டையில் வருகிறது. படம் அட்டையிலேயே அச்சாகிவிடுகிறது; தனியாக ஒட்டுவது போயிற்று. ஒரு ரூபாயாகப் பல வருஷம் நின்றிருந்த விலை 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாயிற்று. சிவப்பு விலகுவதில்லை. இனி ஒரு தீப்பெட்டிப் படத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. திருப்பினால் உள்ளே குச்சி இருக்கும். கைகள் இல்லாமல் போய்விடவில்லை, படத்தின் பின்புறத்திலிருந்து வேறெங்கோ நகர்ந்திருக்கின்றன. பழைய படங்கள் சீக்கிரம் நூலகங்களுக்குப் போகும், போகவும் வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் கடை நடத்திக்கொண்டே சேர்த்தவற்றின்மேல் எழுந்த நூலகம் இன்று தரமணியில் இருக்கிறது. மற்றவர்கள் குப்பை என்றதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் நூலகத்துக்குப் போகும் பொருளுக்கு அட்டவணை வேண்டும். நான் என் படங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்: படம், கம்பெனி, அச்சகம், ஊர், வண்ணங்களின் எண்ணிக்கை, கிடைத்த இடம். வரைந்தவர் என்று ஒரு கட்டம் உண்டு; அதில் எல்லாவற்றுக்கும் ‘தெரியவில்லை’. அதற்குப் பக்கத்தில் ஒட்டியவர் என்று இன்னொரு கட்டம் போட்டிருக்கிறேன். அதிலும் ‘தெரியவில்லை’தான் வரும். பார்க்கிற நண்பர்கள், நிரப்பவே முடியாத கட்டம் எதற்கு, இடம் வீண் என்கிறார்கள். கட்டம் இல்லாவிட்டால் தெரியவில்லை என்பதுகூடத் தெரியாமல் போய்விடும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.